சித்தப்பாவின் எக்ஸ்போர்ட் குவாலிட்டி

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் போதும், நான் படித்ததெல்லாம் மறந்துபோகும். போன வாரம் அப்படித்தான், மூடியே பொருந்தாத ஒரு டிபன் பாக்ஸை வாங்கிவந்தேன். வீட்டில் அதை அடித்து மூடியபோது எழுந்த சத்தத்தில் சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

என் சின்ன வயதில் அவருக்கு மெட்ராஸில் ஒரு பாத்திரக் கம்பெனியில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினில் வேலை. தீபத்துக்குத் தீபம் திருவண்ணாமலைக்கு ஒரு டிபன் பாக்ஸோடு வருவார். "எக்ஸ்போர்ட் குவாலிட்டிடா!" என்று மூடியைத் தட்டிக் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் நானும் அதையே சொல்லி அலட்டுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபத்துக்கு வந்தவர், வலது கையைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தார். தை மாதம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பாவும் தீபம் பார்க்க எங்கள் மாடிக்கு வந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, குளிர் ஜாஸ்தியா?"

"ஆமாங்க மாமா."

மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்று அலறியது. சித்தப்பாவின் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேல் குவிந்தன. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பா மட்டும் அந்தக் கையைப் பார்த்தார். மாடியிலிருந்து இறங்கும்போது, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றார் என் அப்பாவிடம். கல்யாணம் நின்றுபோனது.

இன்றும் தீபம் ஏற்றினால், மலையைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவர்களின் கைகளைத்தான் பார்க்கிறேன்.

பல வருஷம் கழித்து, அந்தப் பாத்திரமெல்லாம் எந்த நாட்டுக்குப் போயிற்று என்று சித்தப்பாவிடமே கேட்டேன்.

"எந்த நாட்டுக்கு? மெட்ராஸைத் தாண்டினதே நான் இங்க தூக்கிட்டு வந்ததுதான்டா" என்றார்.