ரெண்டு கதவு கார்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேலம்பாளையத்தில் பனியன் தைத்துக்கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். துணியில் கோடு விழுந்தால் எங்கோ ஊசி உடைந்திருக்கும், தையல் விட்டுப்போனால் நூல் சரியில்லை, எதற்கும் ஒரு காரணம் இருக்கும், எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. ரெண்டே கதவு, தாழ்ந்த கூரை, கூப்பே என்பார்களே, அது. புதிது வாங்க நமக்கு வழியேது? பழையது ஒன்று ஊத்துக்குளியில் இருக்கிறது, நம்மால் முடிகிற விலைதான் என்று புரோக்கர் சொன்னபோது, வீட்டில் அதைப் பேசுகிற நிலைமை இல்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து உண்டான பெண் குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தது, இனி உண்டாகாது என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் என் மனைவி சுமதியே, "வாங்கிப்போடுங்க. நமக்கெதுக்குங்க இனி நாலு கதவு?" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கருநீலக் கார். வாங்கியதும் சிவன்மலைக்குப் போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சுமதி உட்கார்ந்து வந்த சீட் முன்னால் மடங்கிக் கிடக்கிறது. ரெண்டு கதவுக் காரில் பின்சீட்டுக்கு ஏறி இறங்க முன்சீட்டை அப்படித்தான் மடக்க வேண்டும், பக்கவாட்டில் ஒரு லீவர் இருக்கும். பூட்டிய காருக்குள் யார் அதை இழுத்தது? பழைய வண்டி, ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்தேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார். நான் விடாமல் புது ஸ்பிரிங் போட வைத்தேன். அப்புறமும் எங்கே நிறுத்திவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது சீட் மடங்கிக் கிடக்கும்.

ஒருநாள் கடைவீதியில் இறங்கிய சுமதி, கதவைச் சாத்தாமல் தானே லீவரை இழுத்து சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன பண்றே?" என்று கேட்டேன். "இல்லீன்னா அது எப்படீங்க எறங்கும்?" என்றாள்.

நம்பினால் நம்புங்கள், அவள் அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு சீட் தானாக மடங்குவது நின்றது. அவள் அவசரத்தில் மறந்த அன்றைக்கு மட்டும் மடங்கியது. கொஞ்சநாளில் சுமதி காரில் பின்னால் திரும்பித் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். யாருமில்லாத பின்சீட்டுக்குக் கையை நீட்டிச் சடை போட்டாள், தலைக்குப் பூ வைத்தாள். எனக்கு அது சந்தோஷமா பயமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காரை விற்ற ராமசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எதுவும் கேட்காமல், "நேர்ல வாங்க தம்பி" என்றார்.

வெண்ணெய் வாங்கப் போகலாம் என்று சுமதியிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊத்துக்குளி போனோம். வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் ராமசாமி அண்ணன் வெளியே வந்தார். என்னோடு சீக்கிரம் தனியாகப் பேச வேண்டும்போல அவருக்கு. "வா அம்மிணி, உள்ள போய் மோரு குடி" என்று சுமதியை அனுப்பினார். வெயிலில் வந்த களைப்பில் அவள் அன்றைக்கு சீட்டை மடக்காமலே போய்விட்டாள்.

"சீட்டு மடங்குதுங்களா?" என்றார் அவர்.

தலையை ஆட்டினேன்.

"எங்களுக்கும் கொழந்தை குட்டி இல்லீங்க தம்பி. எங்களுக்கு முந்தி யாரு வெச்சிருந்தாங்கன்னும் தெரியாது. எங்க ஊட்டுக்காரி பொழுதினிக்கும் அந்தக் கார்லயே உக்காந்திருப்பா. சோத்துக்குக் கூப்பிட்டாலும் எறங்க மாட்டா. பயந்துபோய் அவளுக்குச் சொல்லாமயே வித்துப்போட்டேன். அன்னீலிருந்து அவ எங்கிட்டப் பேசறதில்லீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றேன். கொல்லைப்பக்கமிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அவர் மனைவி வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. கதவைத் திறந்து, பழகிய கையால் லீவரை இழுத்து, சீட்டை மடக்கினார்.

"எறங்கு கண்ணு. பாத்துக் காலை வெய்யி."

காரிலிருந்து ஒரு ஆள் இறங்கினால் வண்டி லேசாக மேலே எழும்பும், கவனித்திருப்பீர்கள். எழும்பியது. நான் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன், என் உள்ளங்கையில் அது தெரிந்தது. அந்த அம்மா சீட்டைச் சரிசெய்து கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ஒரு கையைத் தாழ்த்தி நீட்டியபடி, சின்னக் காலுக்கு ஏற்ற நடையில், வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். கூப்பிட வாய் வந்தது. என்னவென்று கூப்பிடுவது? பெயர்கூட வைக்கவில்லையே.

சுமதியிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் அவள் பின்னால் திரும்பி, வெண்ணெய் உருகிவிடும், தொடாதே என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு சீட் தானாக மடங்கியதே இல்லை. அவள் மறந்தாலும் இல்லை. ஆனால் சுமதி மறப்பதும் குறைவு. எங்கே போய் வந்தாலும் வீட்டு வாசலில் சீட்டை மடக்கிப் பிடித்து நிற்பாள். நான் அந்தப் பக்கம் கூரைமேல் கை வைத்துப் பார்ப்பேன். வண்டி அசையாது.

"தூங்கிப்போச்சாட்ட இருக்குதுங்க. நீங்க தூக்கிக்குங்க" என்பாள் சில நாள்.

குனிந்து, உள்ளே ரெண்டு கையையும் நீட்டி, தூக்கிக்கொண்டு வருவேன். கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அது போன இடமும் தெரியும். அப்படியிருந்தும் வாசப்படி தாண்டும்போது, நிலையில் தலை இடித்துவிடக் கூடாதென்று என் வலது கை தானாக எழுந்து மறைத்துக்கொள்கிறது. அது ஏன் என்றுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.