கோவளத்தில் வாங்கிய வீடு

சத்தியதாஸ் அண்ணனுக்குத் தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கரமனை, கைமனம், பாப்பனங்கோடு, நேமம் என்று அந்த வட்டாரம் முழுக்க கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டியவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டம்மா சில்லறை இல்லை என்று கையை விரிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் பெண்டாட்டி சாவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் சபீனா ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். கூட இருந்து பார்த்தவள் நான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் அது. என் வீட்டுக்காரர் சவுதியில், தமாமில் இருந்தார். நான் கரமனையில் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்துக்கொண்டு, பையன்கள் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதற்கும் பெரியவர்கள் விசா பேப்பர் பிரிண்ட் எடுப்பதற்கும் காவல் இருந்தேன். அண்ணன் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய வருவார். மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரர். மனைவி ராஜபாய் அக்காவும் சில சமயம் கூட வருவார்.

ராஜபாய் அக்காவைச் சாவு வீடுகளில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவர்கள் சபையில் யார் இறந்தாலும் முதலில் போய் உட்கார்ந்து பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர்தான். சவப்பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிப்பாட்டி உடுத்திய உடலை முன்னறையில் அதற்குள் கிடத்தி, ஜெபம் முடித்து, வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதுதான் மரியாதை. ஒருமுறை அவர்கள் சபையில் பிச்சம்மாள் என்று ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வாடகை வீட்டுக்காரன் உடலை உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸை ரோட்டோரம் நிறுத்தி, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க ஜெபம் பண்ணி, நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அக்கா என் கடைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “நாதியத்துப் போனா மாதிரி கொண்டு போனாவ பிள்ளே. எனக்கு அப்படி ஒண்ணு வந்திரப்பிடாது. எனக்க பெட்டி ஒரு வீட்டு வாசல் வழியா போணும்” என்றார். அப்போது அவருக்கு நோய் ஒன்றும் கிடையாது. இருந்திருக்கும், தெரியவில்லை.

தெரிந்தபோது புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. ஊரில் இருந்த அஞ்சு சென்ட் நிலம் ஆபரேஷனோடு போயிற்று. கடைசியில் டாக்டர், “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டர்களுக்கு அது சுலபமான வாக்கியம்.

வீடு என்பது சிவதாணு பிள்ளை வீட்டின் கீழ்ப்போர்ஷன். சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் அவருக்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்துதான் காலி பண்ணச் சொன்னார்.

“சத்தியதாசு, நீரு தப்பா எடுக்கப்பிடாது. அவிட்டம், சதயம்னு நாள் பாத்தா சாவு வருது? அந்த நட்சத்திரத்துல ஒண்ணு ஆகிப்போச்சுன்னா வீட்ட ஆறு மாசம் அடச்சுப் போடணும். மாடியில நாங்க குடும்பத்தோட இருக்கோம்லா. சித்திரையில மகளுக்குக் கல்யாணம் வேற.”

அண்ணன் வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்கு நட்சத்திரமும் தெரியாது, அடைப்பும் தெரியாது. என்னிடம் வந்து கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் கோபம் வந்தது. இன்ன நட்சத்திரத்தில்தான் போவேன் என்று அந்த அம்மா முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கவா முடியும்? எங்கள் ஜமாஅத் ஆட்களிடம் கேட்டிருந்தாலும் இடம் கிடைத்திருக்காது. வேறு காரணம் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு வீடு தேடினார். சிலிண்டர் இறக்கும்போதெல்லாம் கேட்டார். “வீட்டில் யாரெல்லாம்?” என்பார்கள். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “நானும் சுகமில்லாத பெஞ்சாதியும்” என்பார். உடனே அந்த வீட்டுக்கு மராமத்து வேலை வந்துவிடும், இல்லாவிட்டால் துபாயிலிருந்து மகன் வந்துவிடுவான். மகள் நீது பாறசாலையில் மாமியார் வீட்டில் ஒரே அறையில் இருந்தாள். அங்கேயும் வழியில்லை.

அதன்பிறகு என் கடைக்கு வந்து இன்டர்நெட்டில் வாடகை விளம்பரம் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே வந்தபோது ஓரத்தில் ஒரு படம் வந்தது. பூப்போட்ட திரை தொங்கும் சன்னல், பக்கத்தில் சின்ன அடுப்பு.

“இது ஆருக்க வீடு மக்ளே?”

“வீடில்லண்ணே, வண்டி. கேம்பர் வேன்னு சொல்லுவாங்க. வெளிநாட்டுக்காரங்க இதுலயே சமைச்சு, இதுலயே படுத்து, ஊர் சுத்துவாங்க. பழசு, விலைக்குப் போட்டிருக்காங்க.”

“இத வாங்கினா இதுக்கு ஓனர் ஆரு?”

“வாங்குறவங்கதான்.”

“அப்ப ஒருத்தனும் எறங்கிப் போன்னு சொல்ல முடியாது, இல்லியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மௌஸைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அதன் பிறகு தினமும் அதே வேலை. விளம்பரம் எழுதுகிறவர்களைப் போலப் புளுகர்களை நான் கண்டதில்லை. எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டியது, எல்லா வண்டியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்தது. வர்க்கலையில் ஒன்று இருந்தது. போன் செய்தால் போன வருடமே விற்றாயிற்றாம், விளம்பரத்தை எடுக்க மறந்துவிட்டானாம். ஆற்றிங்கலில் ஒன்றின் படத்தைப் பார்த்து நானே மயங்கிவிட்டேன். உள்ளே சோபா, ஃபிரிட்ஜ், வெள்ளை விரிப்பு. அண்ணன் லீவு போட்டுப் போய்ப் பார்த்தார். அங்கே நின்றது ஒரு பழைய மாருதி ஆம்னி வேன். பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு மெத்தை போட்டிருந்தான். படம் வேறு ஏதோ தேசத்தில் எடுத்ததாம்.

“ஐடியாவுக்கு வேண்டிப் போட்டதுன்னு சொல்லுதான் மக்ளே” என்றார். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அதற்குள் அக்காவுக்குக் கால் வீங்கி, வயிறு உப்பிவிட்டது. சிவதாணு பிள்ளை படிக்கட்டில் இறங்கி வரும்போதெல்லாம் இருமிவிட்டு வந்தார்.

கோவளத்து வண்டி அப்போதுதான் கிடைத்தது. ஜெர்மனிக்காரத் தம்பதி ஒரு பழைய மெட்டடோர் வேனை வாங்கி, உள்ளே மரவேலை செய்து, இரண்டு வருடம் சுற்றிவிட்டு, பீச்சில் லாட்ஜ் நடத்தும் பிரஜினிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நானும் கூடப் போனேன். படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம். பலகைக் கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கை கழுவும் தொட்டி, கொசுவலை.

“சாயிப்பு பொன்னு போல நோக்கின வண்டி சேட்டா. எஞ்சினுக்கு ஒண்ணும் செய்யண்டா. டூர் போகத்தான?” என்று பிரஜின் கேட்டான்.

“ஆமா. வீட்டுக்காரிக்கு ஒரு ஆச” என்றார் அண்ணன். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

எஞ்சினைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அடுப்பைப் பற்றவைத்து ட்யூபில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. “கொள்ளாம், நல்ல வண்டி” என்றார். எனக்கும் கொள்ளாம் என்றுதான் பட்டது.

என் கடைக்குப் பின்னால் கொழுந்தனாருடைய காலி மனை கிடந்தது. அண்ணனின் பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கிய வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினோம். அக்காவை ஆட்டோவில் அழைத்து வந்து அண்ணனும் நீதுவும் தாங்கி ஏற்றினார்கள். உள்ளே வந்ததும் அக்கா சுற்றிப் பார்த்தார். சபைக் காலண்டரை மாட்டச் சொன்னார். அடுப்பில் முதலில் பால் காய்ச்சச் சொன்னார். அண்ணன் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, “வீட்டுக்காரி, உள்ள வரலாமா?” என்று கேட்டார். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இதற்கு எவ்வளவு அலைந்தாலும் தகும் என்று நினைத்தேன்.

அண்ணன் மாத்திரை வாங்கப் போனார். நீது தண்ணீர் பிடிக்கப் போனாள். அக்கா என்னைக் கூப்பிட்டு முகத்துக்குப் பக்கத்தில் குனியச் சொன்னார்.

“சபீனா, இந்த வாசல் வழி பெட்டி கேறாது பிள்ளே.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. ஒரு ஆள் ஒருக்களித்து ஏறலாம். ஏறிய உடனே எதிரில் அந்தத் தொட்டியும் அலமாரியும். அங்கே திரும்பினால்தான் கட்டில். ஆள் திரும்புவான், பெட்டி எப்படித் திரும்பும்? பின்கதவை அந்த ஜெர்மனிக்காரன் தகரம் வைத்து அடைத்துத் தண்ணீர் டாங்கைப் பொருத்தியிருந்தான். எஞ்சின், டயர், அடுப்பு, குழாய் எல்லாம் பார்த்தோம். எதற்காக வாங்குகிறோமோ அதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எத்தனை சாவு வீட்டில் நின்று பாடியவர், ஒரு பார்வையில் கண்டுவிட்டார்.

“பின்னால வெட்டி வாசல் வச்சிரலாம்க்கா. வெல்டிங் ஆளு இருக்கு. நான் அண்ணன்கிட்ட சொல்றேன்.”

“சொல்லப்பிடாது.” என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சுட்டது. “நான் உள்ள கெடக்கும்போ எனக்க பெட்டிக்கு வாசல் வெட்டுவாரா அவரு? அந்த மனுசனால ஏலுமா? கொண்டாடிட்டு இருக்காரு, இருக்கட்டு. நீ எனக்கு வாக்குத் தா.”

தந்தேன். வேறு என்ன செய்ய?

சபைப் பெண்கள் வந்தார்கள். உள்ளே இடமில்லாததால் வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பாடினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் குழாயைத் திறந்து காட்டினார், திரையை இழுத்து விட்டுக் காட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் திறப்பார்.

ஒருநாள் காலையில், “உள்ள மூச்சு முட்டுது. எனக்கு வெளிய கட்டில் போடுங்க” என்று சொல்லிவிட்டார்.

“இன்னொரு பேன் வைக்கேன். சன்னலு நல்லா தொறந்து கெடக்கே.”

“வேண்டாம். வெளிய போடுங்க.”

பக்கத்து வீட்டில் கயிற்றுக்கட்டில் வாங்கி, வண்டிக்கு வெளியே போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினார். அக்காவைத் தூக்கி இறக்கும்போது அண்ணனின் முகம் சின்னப் பிள்ளையை அடித்தது போல இருந்தது. கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

“அவளுக்கு வீடு பிடிக்கல்ல மக்ளே. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் அலஞ்சேன்னு சொல்லி ரெண்டு நாளு சிரிச்சுக் காட்டினா. எத்தன ஆனாலும் வண்டிதானே.”

வெளியே கிடந்து இறந்தால் பெட்டி உள்ளே ஏற வேண்டியதில்லை, அதற்காகத்தான் அக்கா இறங்கினார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அக்கா செய்தது வீணாகிவிடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் இப்படி நினைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எது பாவம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “அப்படியெல்லாம் இல்லண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே அக்கா போய்விட்டார், தார்ப்பாயின் கீழே, அந்தக் கயிற்றுக்கட்டிலில். அண்ணனும் நீதுவும் பக்கத்தில் இருந்தார்கள். தன் வீட்டில் சாகவில்லை. தன் வீட்டுக்கு வெளியே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் செத்தார்.

பெட்டி வந்தது. அக்காவைக் குளிப்பாட்டி வெள்ளைப்புடவை உடுத்தியிருந்தோம். போதகர் ஐயர் வந்து ஜெபத்துக்குப் புத்தகத்தைத் திறந்தார். அப்போது அண்ணன் எழுந்தார்.

“ஐயரே, ஒரு நிமிஷம். அவளுக்கு எனக்க வீடு பிடிக்காட்டாலும், பெட்டிய ஒருக்கா உள்ள கேத்தி, அவள அதுல வச்சு எறக்குவோம். வாசல் வழியா போணும்னு கேட்டிருக்கா.”

நான் ஏதாவது சொல்வதற்குள் நாலு பேர் வெறும் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். தலைப்பக்கம் கதவுக்குள் நுழைந்தது. தொட்டியில் இடித்தது. சாய்த்தார்கள். அலமாரியில் இடித்தது. நிமிர்த்தினார்கள். மேலே தகரத்தில் உரசியது. “இங்கன திருப்பு, அங்கன பிடி” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணன் கதவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அப்புறம் கயிற்றுக்கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்த்தார். “எறக்குங்க” என்றார் கடைசியில்.

வெளியே வைத்தே ஜெபம் நடந்தது. பாட்டை யார் எடுப்பது என்று தெரியாமல் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீதுதான் எடுத்தாள், இரண்டாவது அடியில் நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அண்ணன் நேரே என்னிடம் வந்தார்.

“அவளுக்குத் தெரியும், இல்லியா?”

அதற்கு மேல் எந்த வாக்கைக் காப்பாற்ற? “வந்த அன்னைக்கே சொன்னாங்கண்ணே. உங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சொன்னாங்க.”

தலையை ஆட்டினார். வண்டிக்குள் ஏறினார். வெகுநேரமாகியும் இறங்கவில்லை. பயந்துபோய்ப் பால் விடாத கட்டன்சாயா எடுத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். அக்காவின் தலையணையில் தலைவைத்துப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. நான் ஏறி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“இத்தன நாளும் இதப் பாத்துக்கிட்டா கெடந்தா” என்றார்.

நான் அவர் பார்வை போன பக்கம் பார்த்தேன். அந்தக் கட்டிலில் படுத்தால் கதவைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது.