யாரும் வாங்கிப் போகாத போட்டோ

காஞ்சிபுரத்துக்கு வந்தால் அந்த மாடிப்படியை நான் உங்களுக்குக் காட்ட முடியும். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் இன்னும் இருக்கிறது. பிரவீனாவையும் காட்ட முடியும். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். தாம்பரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். கதை கட்டுகிற பெண் இல்லை. கேட்டால் ஒருமுறை சொல்வாள். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவாள். அவள் அந்த ஒருமுறை சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

2005, ஆடி மாதம். பிரவீனாவுக்கு இருபத்திரண்டு வயது. மாடியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஸ்டுடியோக்காரர் தேவராஜன், சென்னையில் எங்கோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அந்த வருஷத் தொடக்கத்தில்தான் யாரிடமிருந்தோ அந்த ஸ்டுடியோவைச் சாமான்களோடு வாங்கியிருந்தார். பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவதில் ஆரம்பித்த பிரவீனா, கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் கோக்கிற அளவுக்கு வந்திருந்தாள். வேலையில் சுத்தம். அவருக்கும் அவள் மேல் நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கைதான் வம்பாகப் போனது. சென்னையில் ஒரு கடையில் மணப்பெண் படத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து, ஆயில் பெயின்டிங் மாதிரி துணியில் அச்சடித்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார் தேவராஜன். கையோடு ஒரு டேப்லட்டும் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சிலேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை, மை இல்லாத ஒரு பேனா. பலகையில் வரைந்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பட்டுக் கடைக்காரர் வீட்டுப் பெண்ணின் படம் ஒன்றை அவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டும் வந்திருந்தார். அதற்குள் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலை தெரிந்த ஆளைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பார். அவள் மறுபடி கத்தரிக்கோலுக்குப் போக வேண்டியதுதான்.

பேப்பரில் பிரவீனா நன்றாக வரைவாள். சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் அலங்காரம் வருஷா வருஷம் அவள் கைதான். ஆனால் இந்தப் பலகை அவளைப் படாத பாடு படுத்தியது. கை கீழே, கோடு மேலே. கையைப் பார்த்தால் கோடு தப்பும், திரையைப் பார்த்தால் கை தப்பும். வட்டம் போட்டால் கடித்த அப்பளம். மெல்லிய கோடு நடுங்கும். அழுத்தினால் தார் ஊற்றியது போலப் பரவும். இரண்டு கண்ணும் சமமாக வந்த அன்று மூக்கு கோணும். எல்லாம் சரியாக வந்த அன்று கரண்டு போகும். யு.பி.எஸ். கீக் கீக் என்று கத்திவிட்டு அணையும். சேமிக்காததெல்லாம் போச்சு. வீட்டில் அம்மா எது கேட்டாலும் பிரவீனா எரிந்து விழுந்தாள். சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து விரலால் காற்றில் மூக்கு வரைந்து பார்ப்பாள்.

பழகுவதற்கு முகம் வேண்டுமே. மேஜையின் அடி டிராயரில் பழைய ஸ்டுடியோக்காரர் விட்டுப் போன போட்டோக்கள் கிடந்தன. எடுத்துக்கொண்டவர்கள் திரும்ப வந்து வாங்கிப் போகாத பாஸ்போர்ட் போட்டோக்கள். அதில் ஒரு பெண்ணின் படம் அவளுக்குப் பிடித்திருந்தது. இருபது வயது இருக்கும். நேராகப் பார்க்கிற முகம். இழுத்துச் சீவிய தலை, இரண்டு காதும் தெளிவாகத் தெரிகிறது. கவரின் மேல் பென்சிலால் பெயர் மட்டும் எழுதியிருந்தது. ஏலவார்குழலி.

முதல் படத்துக்கு ஒரு காலை முழுக்கப் போனது. முடித்துவிட்டுப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் இடது காது இல்லை.

முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான். புதுசாகக் கற்றுக்கொள்கிற கை, நேராக வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

அடுத்த படத்தில் முகம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு கன்னம் குறுகி, மறு கன்னம் அகன்று... தேவராஜன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நேராகப் பார்க்கிற ஒரு மூஞ்சியை நேராகப் போட வரவில்லையா என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாவது படம் பாதி முகம். ஒரு கண்தான் தெரிந்தது.

பேனாவில்தான் கோளாறு என்று முடிவு செய்தாள். அதே டிராயரிலிருந்து மீசை வைத்த ஒரு ஆளின் போட்டோவை எடுத்து வரைந்து பார்த்தாள். லட்சணமாக வரவில்லை. ஆனால் நேராக வந்தது. இரண்டு காதும் இருந்தன.

மறுபடி அந்தப் பெண்ணை வரைந்தாள்.

மறுபடி பாதி முகம்.

வேறு யாராவது இருந்தால் அந்தப் போட்டோவையே தூரப் போட்டிருப்பார்கள். பிரவீனாவுக்குப் பிடிவாதம். இந்தப் பெண்ணை நேராக உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தாள். பயமா? அப்போது ஒரு துளி பயம் இல்லை என்றாள். எரிச்சல்தான். யாரோ வேண்டுமென்றே தன் கையைத் தட்டிவிடுவது மாதிரி ஒரு எரிச்சல்.

ஆடி கடைசி வெள்ளி. மதியம் ஒரு மணிக்குத் தேவராஜன் சாப்பிட வீட்டுக்குப் போனார். மாடியில் அவள் மட்டும். அந்த அறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே அறை. கம்ப்யூட்டர் மேஜையில் உட்கார்ந்தால் எதிரே படிக்கட்டுக் கதவு. முதுகுக்குப் பின்னால், போட்டோ எடுக்கும்போது பின்னணியாக இருக்கிற நீலத் திரைச்சீலை. அதற்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. வேறு வாசல் கிடையாது.

அன்று அவள் ஒரு முடிவோடு இருந்தாள். போட்டோவை ஸ்கேன் செய்து திரை முழுக்கப் பெரிதாக்கினாள். அதன் மேல் கண்ணாடித் தாள் விரிப்பது போல ஒரு லேயரைப் போட்டாள். இனி கோட்டின் மேலேயே கோடு. நகல் எடுக்கிற வேலை. இதில் எப்படித் திரும்பும், பார்க்கலாம்.

முதலில் கண்கள். இரண்டும். கருவிழியில் வெளிச்சப் புள்ளி கூட வைத்தாள். மூக்கு. உதடு. இரண்டு காது. நேராக வந்தது. முதல் தடவையாக அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். போட்டோவை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தாள். அப்போதும் நேராகவே இருந்தது. பிரவீனா தனியாக இருந்தும் சிரித்துவிட்டாள்.

அப்புறம் தலைமுடி. அதற்குப் பொறுமை வேண்டும். திரையைப் பெரிதாக்கி, முடி முடியாக இழுக்க ஆரம்பித்தாள். இப்போது திரையில் முகம் தெரியவில்லை. கறுப்பு முடிதான்.

கரண்டு போனது. மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

கீக்... கீக்...

சேமித்தாள். அணைவதற்குள் இன்னும் கொஞ்சம் முடி. இன்னும் கொஞ்சம்...

பின்னால் திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசின.

காற்று என்று நினைத்தாள். விசிறி ஓடவில்லை என்பது அப்போது மனதில் படவில்லை.

"பிரவீனா..."

"இருங்க சார். முடி போட்டுக்கினு இருக்கேன்."

திரும்பவில்லை. கை வேலையாக இருந்தது. யு.பி.எஸ். சத்தத்தில் ஆண் குரலா பெண் குரலா என்று பிரித்துக் கேட்கவில்லை, தேவராஜன்தான் வந்துவிட்டார் என்று நினைத்தாள். கோபமும் வந்தது. நாள் முழுக்கக் குறை சொல்கிற மனுஷர், சரியாக வருகிற நேரத்திலா கூப்பிட வேண்டும்?

கடைசி முடியை இழுத்தாள். முழுப் படத்தையும் பார்க்கத் திரையைச் சிறிதாக்கினாள்.

முகம் இல்லை.

தலையின் பின்பக்கம் இருந்தது. நடு வகிடு. இழுத்துப் பின்னிய சடை. பின்கழுத்து.

அந்தப் பெண் முழுசாகத் திரும்பியிருந்தாள்.

பிரவீனா போட்ட கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு பின்னால் போனாள். முடி. முடி. முடி. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இருபது கோட்டுக்கு மேல் பின்னால் போகாது. இருபதும் முடி. கண்கள் எங்கே? வெளிச்சப் புள்ளி வைத்தாளே...

அடியில் இருந்த போட்டோவைத் திறந்து பார்த்தாள். போட்டோ நேராகத்தான் இருந்தது.

கீக்... கீக்... கீக்...

"பிரவீனா."

இந்தத் தடவை பக்கத்தில். கழுத்துக்குப் பக்கத்தில்.

பேனாவைப் பலகை மேல் எறிந்தாள். அவ்வளவு ஆத்திரம். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே கத்தினாள்.

"கூப்பிடாதீங்க சார். நானே வரேன்."



எதிரே படிக்கட்டுக் கதவு திறந்தது.

தேவராஜன் உள்ளே வந்தார். கையில் டிபன் கேரியர். வெயிலில் வந்த வியர்வை. அப்போதுதான் வருகிறார்.

அப்படியானால் பின்னால்...

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

"காத்தே இல்லியேம்மா. கர்ட்டன் ஏன் ஆடறது?"

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவரே போய்த் திரைச்சீலையை விலக்கினார். சுவர். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகம் கேட்டால் பின்னந்தலையைப் போட்டு வைத்திருக்கிறாயே, விளையாட்டா என்று கத்த ஆரம்பித்தார். அந்தத் திட்டு அவளுக்கு அன்று எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது என்றாள்.

போட்டோவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

படியடியில் பூ விற்கிற அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காக அவள் கூடை அங்கேதான். பிரவீனா போட்டோவைக் காட்டினாள். இந்தப் பெண்ணின் வீடு தெரியுமா, தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றாள். அன்னம்மாள் போட்டோவைக் கையில் வாங்கவில்லை. தொடுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

தொடுத்த சரத்தைக் கூடையில் வைத்துவிட்டுச் சொன்னாள். பெரிய காஞ்சிபுரத்துப் பெண். தறிக்காரர் வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு எழுதிப் போட போட்டோ எடுக்க வந்தாள். எடுத்தாயிற்று. பழைய ஸ்டுடியோக்காரர், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு, பிரதி போட்டு வரக் கலர் லேபுக்குப் போனார். அந்தப் பெண் அன்னம்மாளிடம் ஒரு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அப்போது மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பொம்பளைக் குரல். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தவர்களைப் பார்த்தது போலச் சிரித்தாள். படியேறி மேலே போனாள்.

இறங்கி வரவில்லை.

போலீஸ் வந்து பூட்டைத் திறந்து பார்த்தது. நீலத் திரைச்சீலை தொங்கியது. வேறொன்றும் இல்லை. அவளுடைய அப்பா ஆறு மாதம் தினமும் வந்து அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாராம். ஸ்டுடியோக்காரர் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

பிரவீனா அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. சம்பள பாக்கி வாங்கக் கூடப் போகவில்லை. மணப்பெண் படத்தைச் சென்னை ஆள் வந்து வரைந்து கொடுத்தான். அவள் அடுத்த வருஷம் தாம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்து, டேப்லட்டை வீம்புக்காகவே கற்றுக்கொண்டாள். இன்று அவள் வரைகிற முகங்களுக்கு ஆறு மாதம் முன்னால் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டுதான் வரைகிறாள்.

ஆனால் அன்று அன்னம்மாள் சொன்னது அதோடு முடியவில்லை. பிரவீனா கிளம்பியபோது புடவையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்மா. நீ வேலைக்கு வந்த அன்னிக்கு, உங்க சார் மேல இருந்து உன்னைப் பேர் சொல்லிக் கூப்டாரு பாரு... கையில இருந்த பூவைக் கீழ போட்டுட்டேன்."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு பேரு குழலி. அவளை அன்னிக்கு அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடல."

பிரவீனா வேறு என்ன பெயர் என்று கேட்கவில்லை. அன்னம்மாளும் அதைச் சொல்லவில்லை. அவள் சொன்னது இதுதான்.

"உன்னை இல்லம்மா, வேற யாரையோ கூப்புடுறாங்க, நீ போன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். மொதல் வாட்டி அவ திரும்பல. ரெண்டாவது வாட்டிக்குத் திரும்பிட்டா."