ராஜினாமாவை ஏற்க ஆளில்லாத டைரக்டர்

ஆனைமலை ரோட்டோரத் தோட்டத்தில் தேக்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாசாணம் ஒரு லிமிடெட் கம்பெனியின் டைரக்டர் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பெண்டாட்டி பாவாத்தாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். ஆனால் அது நிஜம். கூத்தைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரையே தேக்கு ஜுரம் பிடித்து ஆட்டியது. இன்றைக்கு ஒரு மரத்துக்குப் பணம் கட்டினால் பிள்ளை கல்யாணத்துக்குள் லட்சாதிபதி என்றார்கள். பொள்ளாச்சி பாலகோபால் 'பசுங்குடை தேக்குப் பண்ணை' என்று கம்பெனி ஆரம்பித்தார். டைரக்டர்கள் அவரும் அவர் மச்சினனும். மச்சினன் மூக்கு நல்ல மூக்கு. வாடையைப் பிடித்து இரண்டே வருஷத்தில் கழன்றுகொண்டான். சட்டத்துக்கு இன்னொரு பெயர் வேண்டுமே! பாலகோபாலின் கண் தோட்டத்து ஆள் மேல் விழுந்தது.

மாசாணம் ஐந்தாவது வரை படித்தவர், கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் அவரை வீழ்த்தியது கையெழுத்தில்லை, நாற்காலி. மூன்று தலைமுறையாகப் பிறர் காட்டில் பாடுபட்ட குடும்பம் அது. பாலகோபால் வீட்டில் சம்பளம் வாங்கப் போனால் வாசலில் நின்றுதான் வாங்க வேண்டும். உட்காரச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டுக்கு இல்லை. அதே பாலகோபால், பொள்ளாச்சிக் கல்யாண மண்டபத்தில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில், இவர்தான் புது டைரக்டர் என்று மேடையில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சால்வை போர்த்தினார்கள். பணம் கட்டிய பல்லடத்துக்காரர்களும் வெள்ளகோவில்காரர்களும் வரிசையில் வந்து வணக்கம் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த பாவாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவாரமே காதுத் தோட்டை விற்று, தன் பேரில் ஒரு மரத்துக்குப் பணம் கட்டிவிட்டாள். டைரக்டரோ மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலில் நின்றார். சம்பளத்தில் ஒரு பைசா ஏறவில்லை.

தொண்ணூற்றேழில் கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. கன்றுகள் காய ஆரம்பித்தன. மாசாணம் நாலு முறை சொன்னார். பார்க்கலாம் என்றார் பாலகோபால். பிறகு ஒரு நாள் காரில் வந்து, பானெட் மேல் ஒரு காகிதத்தை வைத்து, உடம்பு முடியவில்லை, கம்பெனியிலிருந்து விலகிக்கொள்கிறேன், நீ அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக்கொடு என்றார். மாசாணம் சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போட்டுக்கொடுத்தார். முதலாளிக்கு உடம்பு முடியவில்லையே என்று அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அட கடவுளே, இப்படியும் ஒரு வெள்ளந்தி!

அடுத்த மாதம் ஆபீஸ் பூட்டு. பணம் கட்டியவர்கள் பாலகோபால் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் விலகி மாதமாயிற்று என்று காகிதத்தைக் காட்டினார். போலீஸ் கூட்டிப் போனது மாசாணத்தை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஜாமீன் கிடைத்தது, ஆனால் பொள்ளாச்சியை விட்டு நகரக் கூடாது, வாய்தா தவறக் கூடாது. உள்ளூரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பல்லடத்துக் கோழிப்பண்ணை ஒன்றில், குடியிருக்க அறையோடு புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை காத்திருந்தது. டைரக்டர் என்ற பெயர் கழிந்தால்தான் ஊரை விட்டுப் போக கோர்ட்டில் அனுமதி கேட்க முடியும் என்றார் வக்கீல்.

"அப்படீன்னா நானும் விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்துபோடறேனுங்க."

"ஆருகிட்டக் குடுப்பீங்க? அதை ஏத்துக்க இன்னொரு டைரக்டர் வேணுமே. இப்ப இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

வெளியே வர ஒரே வாசல்தான், அதன் சாவியையும் பாலகோபாலுக்குத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று மாசாணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சமிருந்தது ஒரே வழி: பணம் கட்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பங்கு கொடுத்திருந்ததால், அவர்களே கூடி, கை தூக்கி, அவரை நீக்கலாம்.

கூட்டம் அதே மண்டபத்தில் கூடியது. கூட்டியவர் வெள்ளகோவில் லட்சுமணசாமி, ரிட்டயர்டு வாத்தியார். ஓய்வுக்கு வந்த காசு முழுவதையும் தேக்கில் போட்டவர். மாசாணம் கீழே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லி, விட்டுவிடும்படி கேட்டார். ஏச வந்த கூட்டம் ஏசவில்லை. நாலைந்து பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் நெஞ்சில் பல்லடத்துப் பஸ்ஸே கிளம்பிவிட்டது.

லட்சுமணசாமி எழுந்தார்.

"நீங்க தப்புப் பண்ணலைங்க. அது எங்க அத்தனை பேருக்கும் தெரியுமுங்க. ஆனா கூப்புட்டா வர்றது நீங்க ஒருத்தர்தானுங்களே. உங்களையும் உட்டுப்போட்டா, நாங்க ஆரைப் போயி கேக்கறதுங்க?"

விடுவிக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். மண்டபம் தலையைக் குனிந்துகொண்டது. கடைசி வரிசையில் தோடில்லாத காதோடு பாவாத்தாள் மட்டும் கையைத் தூக்கினாள். யாரும் எண்ணவில்லை என்று நினைத்தோ என்னவோ, எழுந்து நின்று தூக்கினாள்.

யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மாசாணத்தின் பின்னால் போட்டார்கள். உட்காருங்க என்று லட்சுமணசாமியே தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

"அடுத்த வாய்தா என்னைக்குங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"திங்கக்கெழமைங்க. வந்தர்றேனுங்க" என்றார் மாசாணம்.