சம்பந்தியம்மாவும் வெள்ளைப் பாம்பும்

போன சனிக்கிழமை பரமட்டாவில் ஒரு சீனப் படம் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட, தியேட்டரில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள் என்பதுதான் சரி.

விஷயம் இதுதான். எங்கள் மகள் அபிக்கும் கெவினுக்கும் இரண்டு வருஷக் காதல். கெவின் சீனப் பிள்ளை... தங்கமான பெடியன். நாங்கள் ஓம் சொல்லிவிட்டோம். ஆனால் அவனுடைய தாய் மிஸிஸ் லின்? ‘பார்ப்போம்’ என்றாராம். ‘பார்ப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? என் மனைவி ரதிக்கு அன்றிலிருந்து நித்திரையில்லை.

அந்த மிஸிஸ் லின்தான் எங்களைப் படத்துக்கு அழைத்திருந்தார். முதல் சந்திப்பு! பென்டில் ஹில் வீட்டிலிருந்து கார் புறப்பட்டதுமே அபி வகுப்பெடுக்கத் தொடங்கினாள்.

“அம்மா, இட்ஸ் எ கொமெடி. எல்லாரும் சிரிக்கேக்க நீங்களும் சிரிச்சால் போதும். ப்ளீஸ்!”

“ஏன், எனக்குச் சிரிக்கத் தெரியாதோ?”

கதை சீனாவின் பழங்கதை. ஒரு வெள்ளைப் பாம்பு பெண்ணாக மாறி, மருந்துக்கடைக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்கிறது. இருவரையும் பிரித்தே தீருவேன் என்று ஒரு சாமியார் துரத்துகிறார். கேட்டால் கண்ணீர் வரும் கதை. படத்திலோ ஒரே கூத்து! சாமியார் ஸ்கூட்டரில் வந்து சறுக்கி விழுகிறார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மனைவியின் வாலை, பெட்ஷீட் என்று நினைத்துப் புருஷன் மடித்து வைக்கிறான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்போது அந்தப் பாம்புப் பெண் முழுப் பாம்பாக எழுந்து, திரை நிறையத் தலையை நிமிர்த்தினாள்.

“என்ர நாகபூசணி அம்மாளாச்சி!”

படார், படார், படார்... ரதி இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செருப்பை வேறு கழற்றிவிட்டாள். பாம்பு வந்தபோதெல்லாம் இதே கூத்து. கடைசியில் பழக்கதோஷத்தில் நானும் இரண்டு போட்டேன். பக்கத்தில் மிஸிஸ் லின் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

வெளியே வந்ததும் கெவின் என்னை ஓரமாக இழுத்தான். “அங்கிள், மம் இஸ் வொரீட்.” சீன சீரியல்களில், குற்றம் செய்த வேலைக்காரர்கள்தான் எஜமானி முன்னால் இப்படித் தங்களைத் தாங்களே அறைந்து மன்னிப்புக் கேட்பார்களாம்!

அதற்குள் மிஸிஸ் லின் ரதியிடம் போய்விட்டார். “எங்களிடம் எதையோ மறைக்கிறீர்கள். என்னவென்றாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

கல்யாணம் போச்சு! அபி அழுகிற மாதிரி நின்றாள்.

ரதிக்கு வந்ததே கோபம். “மறைக்கிறதோ? வட் மறைக்கிறது? ஸ்னேக் இஸ் அவர் அம்மன்! அம்மனைக் கண்டால் கும்பிடாமல் பல்லைக் காட்டுறதோ? ஐ கெனாட்!”

அபி மொழிபெயர்த்தாள். மிஸிஸ் லின் மெதுவாகக் கேட்டார்: “அப்படியென்றால்... உங்கள் வீட்டில் பாம்பு நல்லதா?”

“நல்லதோ? வெரி வெரி நல்லது!”

அப்புறம்தான் குட்டு உடைந்தது. சீனர்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம் உண்டல்லவா? கெவின் பாம்பு வருஷத்தில் பிறந்தவன். நம் ஆட்கள் பாம்பு என்றாலே தடியைத் தூக்குவார்கள் என்று யாரோ மிஸிஸ் லினிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சோதிக்கத்தான் இந்தப் படம்!

சிரிக்காதீர்கள். சாதகக் கட்டோடு வீடு வீடாகத் திரிகிற நமக்குச் சிரிக்க உரிமையில்லை. எந்த நாட்டுச் சம்பந்தியானாலும் பயம் ஒன்றுதானே... என் பிள்ளையை இவர்கள் மதிப்பார்களா?

“சரி, நாள் பாருங்கள்” என்றார் மிஸிஸ் லின். அபி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ரதி மட்டும் கெவினையே பார்த்தபடி நின்றாள். “பாம்போ? இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி!” என்று, கார் பார்க்கிலேயே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இருபத்தெட்டு வருஷமாக நானும் ஒரு வீட்டு மருமகன்தான். என்னை ஒருத்தரும் கும்பிட்டதில்லை!