மல்லாக்கப் படுக்க வைத்த மிஸ்ஸி

ஆஸ்பத்திரி நர்ஸ் புஷ்பவள்ளி மிஸ்ஸியைப் பற்றிப் புக்கிட் செராயா எஸ்டேட்டில் இரண்டு கருத்துகள் நிலவின. அவளுக்கு வேலை தெரியாது என்பது ஒன்று. வேலை அளவுக்கு மீறித் தெரியும் என்பது மற்றொன்று. முன்னது தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களுடையது; பின்னது டாக்டருக்குப் பதிலாக எஸ்டேட் ஆஸ்பத்திரியை நடத்திவந்த டிரெஸருடையது. இரண்டுமே புகார்கள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் மனப்பொருத்தம் இருந்தது.

1985இல் அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் மகள். பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். அதுவும் ஜுரம், இருமல் என்று கண்ணியமாக வருகிறவர்களின் வார்டில் அல்ல. லோரிக்கு அடியிலிருந்தும் மில் இயந்திரத்துக்கு நடுவிலிருந்தும் பிய்த்தெடுத்துக் கொண்டுவந்து போடுகிறவர்களின் வார்டில். தகப்பனாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய், பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்தாள். வந்த இடத்தில் கிடைத்தது ஆறு கட்டில்கள், பூட்டிய ஒரு கண்ணாடி அலமாரி, எல்லா வியாதிக்கும் பொதுவான சிவப்புத் தண்ணி மருந்து. பக்கவாட்டில் சிலுவை போட்ட ஓர் அம்புலன்சும் உண்டு. அது நோயாளிகளை ஏற்றிச் சென்றதாகவும் சிலர் சொல்லக் கேள்வி.

அவளுடைய முதல் குற்றம், யார் அடிபட்டு வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலைப் பிடித்துப் பார்ப்பது.

"மண்ட ஒடஞ்சு போனா கால புடிச்சுப் பாக்குறா. இன்னுங் கொஞ்சம் விட்டா விழுந்து கும்புட்டுருவா போலருக்கு" என்று குழாயடியில் சிரித்தார்கள்.

"தல எது காலு எதுன்னு அவளுக்குத் தெரியலலா. பட்டணத்துல என்னாத்த படிச்சாளோ!"

அவள் படித்தது இதைத்தான்: தண்ணீர் குறைந்துவிட்டால் எஸ்டேட் நிர்வாகம் லயத்துக் குழாய்களை மூடிவிட்டுத் துரை பங்களாவின் புல்தரைக்கு விடுகிறதல்லவா, அடிபட்ட உடம்பும் அதையேதான் செய்கிறது. ரத்தம் குறைந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுக் கால் கைகளைக் கைவிட்டுவிடுகிறது. ஆகவே உள்ளே நடக்கும் அநியாயம் முதலில் தெரிவது காலில்தான். நிர்வாகத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்த எஸ்டேட் ஜனங்கள் உடம்பைப் புரிந்துகொள்ளாமல் போனது வியப்புக்குரியது.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. எஸ்டேட்டில் அடிபட்டவனை உட்கார்த்தி வைப்பதுதான் முறை. முதுகுக்கு ஒரு மூட்டை, பக்கத்தில் ஒருவர் தாங்கல், கையில் சூடாக ஒரு மிலோ. உட்கார்ந்து மிலோ குடிக்கிறவன் சாகமாட்டான் என்பது யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம். மல்லாக்கப் படுக்க வைப்பது ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு உரியது. அதற்குப் பாடையும் மேளமும் வேறு வேண்டும். புஷ்பவள்ளியோ உயிருள்ளவர்களை மல்லாக்கக் கிடத்திக் காலை உயர்த்தி வைத்து, குடிக்க ஒன்றும் தராதே என்றாள்.

அந்த வருஷம் அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரின் டிரெய்லர் சாக்கடை ஓரம் சரிந்து கவிழ்ந்தது. டிராக்டர் சக்கரத்து மட்காட்டில் உட்கார்ந்திருந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா தூக்கி எறியப்பட்டு மண்டை கிழிந்தது. குலை ஏற்றுகிற ஐயாவுவை டிரெய்லரின் பலகை இடது விலாவில் இடித்துத் தள்ளியது.

மண்டோரைப் பலகையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஐயாவு விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். எஸ்டேட்டில் ரத்தத்துக்கும் பதவி உண்டு.

"மிஸ்ஸி! ரத்தத்த பாரு மிஸ்ஸி! நா போறேன்! எம் பொண்டாட்டிக்கு ஆள் அனுப்பு!" என்று மண்டோர் கூவியது மாட்டுக்கொட்டகை வரை கேட்டது.

"எங்க போறீங்க மண்டோரே, சட்ட மாத்தவா?" என்று கேட்ட புஷ்பவள்ளி, ஒரு துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே அமுக்கிப் புடிங்க. இவ்ளோ சத்தம் வர்ற ஒடம்பு எங்கயும் போகாது."

மண்டோரின் கால் விரல் அப்போதுதான் இறக்கிய இட்லிபோல வெதுவெதுப்பாக இருந்தது. அவள் ஐயாவுவின் பக்கம் திரும்பினாள். அவர் காலில் சேறு. துடைத்துவிட்டுத் தொட்டாள், பச்சைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. நகத்தை அமுக்கிவிட்டாள். வெளுத்த நகம் சிவக்க மறந்து அப்படியே நின்றது. நாடி நூற்று முப்பது.

"அண்ணே, எங்க வலிக்குது?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. லேசாத்தான். தோளு கொஞ்சம் கடுக்குது" என்றார் ஐயாவு. நெற்றியெல்லாம் வியர்வை. "தண்ணி இருந்தா குடு, நாக்கு ஒட்டுது. மொதல்ல மண்டோர பாரு, பாவம்."

வயிற்றைத் தொட்டாள். பலகையாக இருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் மனிதர் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து கட்டை, அதாவது பதினைந்து மைல், தள்ளியிருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து தைத்தால் பிழைப்பார். அதுவரை இருக்கிற ரத்தத்தைத் தலைக்கும் நெஞ்சுக்கும் ஓடவைக்க வேண்டும். வேறு வைத்தியம் கிடையாது.

நரம்பில் ஏற்றும் உப்புத் தண்ணீர் இரண்டு பாட்டில் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சாவி டிரெஸரிடம் இருந்தது. டிரெஸர் பத்தாங் காலியில் மைத்துனன் கல்யாணத்தில் இருந்தார். அம்புலன்ஸ், துரையம்மாவுக்குப் பூச்செடி ஏற்றிவரக் கோலா குபு பாரு போயிருந்தது. புஷ்பவள்ளி ஒரு முக்காலியைத் தூக்கி அலமாரிக் கண்ணாடியை உடைத்தாள்.

சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து கணக்கு எழுதும் தேவதாஸ் கிராணி ஓடி வந்தார். வியாழன்தோறும் கருவாடும் பிஸ்கட்டும் விற்க வரும் பாவாவின் வேன் வாசலில் நின்றது. பின்னால் ஒரே ஒருவர் படுக்கலாம்.

"மண்டோர பின்னால படுக்க வைங்க. ஐயாவு முன்னால உக்காந்து வரட்டும். நடந்துதானே வந்தாரு?" என்றார் கிராணி.

"நடந்து வந்தவருதான் ஐயா சாகப்போறாரு."

"மண்டோர் இருக்கையில தொழிலாளிய படுக்க வைக்கிறதா? எந்த ரூல்ல இருக்கு?"

"ஒடம்போட ரூல்ல."

கிராணி அப்படி ஒரு சுற்றறிக்கை வந்ததாக நினைவில்லாமல் விழித்தார். பாவா வேன் கதவைத் திறந்து பிஸ்கட் டின்களை ஒதுக்கினார். "வேன் என்னோடது கிராணி. நா மிஸ்ஸி சொல்றத கேக்குறேன்லா."

ஐயாவுவைப் படுக்க வைத்து, இரண்டு பிஸ்கட் டின்களின் மேல் காலைத் தூக்கி வைத்து, கையில் ஊசியைக் குத்தி உப்புத் தண்ணீரை ஏற்றினாள். அப்போதுதான் அவர் மனைவி வள்ளியம்மா லயத்திலிருந்து ஃபிளாஸ்க்கோடு ஓடி வந்தாள். காலைப் பார்த்ததும் அலறினாள்.

"அடி பாவி! உசுரோட இருக்க மனுசன இப்படியா கெடத்துவ?"

"அக்கா, கால் எறங்குனா ரத்தமும் காலுக்கு எறங்கிரும். தலைக்குப் போகாது. பதினஞ்சு கட்டதான். தண்ணி கேப்பாரு, குடுத்துறாதீங்க. துணிய நனச்சு ஒதட்டுல வைங்க, போதும்."

வள்ளியம்மா தலையாட்டினாள். ஃபிளாஸ்க்கை மட்டும் விடவில்லை.

செம்மண் ரோட்டில் வேன் புறப்பட்டது. முன்னால் பாவாவும் தலைப்பாகை கட்டிய மண்டோரும். பின்னால் கருவாட்டு வாசத்தில் மூன்று பேர். முதல் பாட்டில் காலியானது. இரண்டாவதை மாட்டினாள். நாடி நூற்று முப்பதிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியது. ஐயாவு கண்ணைத் திறந்து, "டிராக்டர் ஓட்டுனவனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார். புஷ்பவள்ளி அன்றைக்குச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பதினோராம் கட்டையில் மண்டோர் சின்னையா கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நிறுத்து பாவா! கண்ணு இருட்டுது! நா போறேன்!" என்று கத்தி, வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து புல்லில் விழுந்தார். கட்டு அவிழ்ந்து மறுபடியும் ரத்தம். "மிஸ்ஸி! மண்டோர் சாகுறேன், நீ அங்க என்னா பண்ற?"

புஷ்பவள்ளி பாட்டிலை வள்ளியம்மா கையில் கொடுத்து எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று காட்டிவிட்டு இறங்கினாள். கட்டை இறுக்கிக் கட்டி, பாவாவும் அவளுமாகப் பிடித்து மண்டோரைச் சீட்டில் ஏற்ற இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்கு மேல் இல்லை.

திரும்பி வந்து பின்கதவைத் திறந்தபோது ஐயாவு உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு அரிசி மூட்டை. பாட்டில் மடியில் கிடந்தது. வள்ளியம்மா ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, ஃபிளாஸ்க் மூடியில் மிலோவை வாயருகில் பிடித்திருந்தாள்.

"கெஞ்சுறாரு மிஸ்ஸி" என்றாள் அவள். "பதினெட்டு வருசத்துல எங்கிட்ட வாயத் தொறந்து எதுவும் கேட்டதில்ல இந்த மனுசன்."

ஐயாவுவின் கண்கள் மேலே செருகின. புஷ்பவள்ளி அவரை இழுத்துக் கிடத்தியபோது மிலோ வாயிலும் மூக்கிலும் வழிந்தது. ஒருக்களித்துத் திருப்பினாள், விரலை விட்டுத் துடைத்தாள், காலைத் தூக்கினாள், நெஞ்சை அமுக்கினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். மிச்சமிருந்த நான்கு கட்டையும் அதைத்தான் செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மண்ணீரல் கிழிந்திருந்தது என்று அறுத்துப் பார்த்த பிறகு சொன்னார்கள். படுத்தபடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவள் டாக்டரைக் கேட்டாள். "ஆபரேஷன் மேசைக்கு வந்திருப்பார். அதற்கு மேல் தெரியாது" என்றார் அவர். மண்டோர் சின்னையாவுக்கு ஏழு தையல்; அன்று சாயங்காலமே பஸ் பிடித்து வீடு திரும்பினார்.

எஸ்டேட் நிர்வாகம் தீவிரமாக விசாரித்தது. அலமாரிக் கண்ணாடி யார் அனுமதியோடு உடைக்கப்பட்டது என்பதே அதன் பிரதானக் கேள்வி. மரணம் மூன்றாவது பத்தியில் வந்தது. மண்டோர் தாமாகவே சாட்சி சொன்னார்: "எங் கண்ணால பாத்தேன். கால ஒசத்தி வச்சா. உசுரு தல வழியா எறங்கிப் போயிருச்சு." விஞ்ஞானபூர்வமான இந்த விளக்கம் ஆபீஸிலும் குழாயடியிலும் ஒருமனதாக ஏற்கப்பட்டது. அன்று முதல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் யாருடைய காலும் தலைக்கு மேல் உயரக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வேனில் நடந்ததை பாவா பார்த்திருந்தார். "சொல்லிறவா மிஸ்ஸி?" என்று அடுத்த வியாழக்கிழமை கேட்டார். வேண்டாம் என்றாள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை வள்ளியம்மா ஆஸ்பத்திரிப் படியில் வந்து நின்றாள். பதினாறு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லாத." அவள் குரல் உள்ளே போயிருந்தது. "நா உக்கார வச்சேனே. குடிக்கக் குடுத்தேனே. அதுலயா போனாரு?"

கட்டுப்போடும் காஸ் துணி வெட்டிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இல்லக்கா. அதுல ஒண்ணும் ஆகல."

"அப்ப எதுல போனாரு? நல்லாத்தான பேசிக்கிட்டு வந்தாரு?"

புஷ்பவள்ளி வெட்டிய துணிகளை அடுக்கினாள். வள்ளியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய முதுகு நிமிர்ந்தது.

"அப்ப நீ கால தூக்கி வச்சதுதான்."

"ஆமாக்கா" என்றாள் புஷ்பவள்ளி.

வள்ளியம்மா வாயைத் திறந்தாள். அந்த எஸ்டேட் அதுவரை கேட்டிராத சாபம் அது. புஷ்பவள்ளியின் கையில் தொடங்கி, படுக்கையில் கிடக்கும் அவள் தகப்பனார் வழியாக, அவளுக்குப் பிறக்காத பிள்ளைகள் வரை போயிற்று. ஆறு கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். புஷ்பவள்ளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் நின்று கேட்டாள். முடிவில் வள்ளியம்மா மண்ணை வாரித் தூற்றிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மத்தியானம் அவள் சோறு தின்றாள்.