பூக்காத அவரைக்கு ஒரு ஷூ

அவரை பூக்காவிட்டால் செருப்பைக் கட்டித் தொங்கவிட வேண்டும், கண்ணேறு கழிந்துவிடும் என்பது எங்கள் ஆம்பூர் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆடியில் அம்மா ஊன்றிய விதை, கார்த்திகைக்குள் பக்கத்து வீட்டு காலாவின் தகரக் கூரைவரை படர்ந்துவிட்டது. காலா என்றால் உருதுவில் சித்தி; தெருவில் எல்லாரும் அந்த அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். எல்லாம் இலைதான். அதைத் தின்று காலாவின் ஆடு கொழுத்தது. எங்களுக்கு ஒரு பூகூட இல்லை.

எனக்குப் பூவைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் பந்தலுக்கு அடியில்தான் சொப்பு வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அப்பா ஒருநாள் தலையில் குண்டைப் போட்டார்.

"பொங்கலுக்குள்ள பூக்கலன்னா வெட்டி ஆட்டுக்குப் போட்ருவேன்."

அழுதுவிட்டேன். காலாதான் தேற்றினாள். "கண்ணு ஜாஸ்தி பட்டுப்போச்சு. பழைய செருப்பு ஒண்ணு கட்டும்மா."

கட்டினேன். பத்து நாளாகியும் பலனில்லை. ரப்பருக்குச் சக்தி அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். தோல் ஊரில் வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? சித்தப்பா கல்யாணத்துக்கென்று வாங்கி, அப்பா பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு ஷூ வீட்டில் இருந்தது. அசல் தோல். அதில் ஒரு காலை எடுத்துப் பந்தல் நடுவில் கட்டிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் வீடு ரெண்டுபட்டது. காணாமல்போன ஷூவை அம்மாதான் பந்தலில் கண்டுபிடித்தாள். ராத்திரி பெய்த மழையெல்லாம் அதற்குள் இருந்தது.

"இன்னாடி இது?" என்றார் அப்பா.

"அசல் தோலுப்பா... நல்லா வேலை செய்யும்னு..."

அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தொங்கட்டும் வுடு" என்று சொல்லி, புது பேண்ட்டுக்கு நீல ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கல்யாண போட்டோவில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

மார்கழிப் பனியில் கொடி ஊதாவாகப் பூத்துக் கொட்டியது. பிஞ்சைக் காலா கறியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். முற்றிய கொட்டையை அம்மா ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தாள். நானோ ஷூவின் மகிமையைத் தெருவெல்லாம் பரப்பினேன். தன் பூசணிக்கொடிக்கு அந்த ஷூ கிடைக்குமா என்று ஒருத்தி வந்து கேட்டேவிட்டாள்.

அப்பா அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் அந்த அவரை பூக்கும் என்பது அவருக்கு என் வயதிலேயே தெரிந்திருக்கும். பிறகு ஏன் பொங்கல்வரை கெடு வைத்தார் என்று யோசிக்கும் புத்தி எனக்கு அன்று இல்லை. கொடியைக் காப்பாற்றியது நான்தான் என்று நம்பினேன். அவரும் காய் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணுதான் பூக்க வெச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.